கிண்ணத்தில் செத்த வைரஸ்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘தலைப்பு’. மாடியில் விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக் கண்டுபிடிப்பதை, கீழே லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அரை நாளில் ஒரே வரியாக்குவதுதான் அவர் உத்தியோகம். நிலையத்தின் இணையதள முகப்பில் செய்திக்கென்று ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு வரிதான் அடங்கும். அதைத் தாண்டினால் கடைசியில் மூன்று புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் இயக்குநருக்கு முகம் கோணும். விஞ்ஞானத்தின் எல்லை எதுவென்று தலைப்பிடம் கேட்டிருந்தால், அந்தப் பெட்டியின் வலது ஓரம் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார்.

தாவரவியல் படித்தவர்தான். அக்காவின் தையல் மெஷின் ஓடிய ஓட்டத்தில் வாங்கிய பட்டம். பட்டம் வாங்கியபின் செடிக்கும் அவருக்குமான உறவு, மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பூச்சட்டியோடு நின்றுபோனது. அதற்கும் தூசி தட்ட மாட்டார்.

ஒருநாள் மூன்றாவது மாடிப் பேராசிரியை தன் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை அனுப்பிவிட்டு ஏதோ மாநாட்டுக்குப் பறந்துவிட்டார். வேலியோரங்களில் தானாக முளைக்கும் ஒரு செடி; அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள்; ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த செல்களுக்குள் எச்.ஐ.வி. வைரஸ் நுழைவதை அது ஓரளவு தடுப்பதுபோல் தெரிகிறது. இப்போதுள்ள மருந்துகளுக்கு என்றாவது துணையாக உதவக்கூடுமா என்பதை மேலும் ஆராய வேண்டும். இதுதான் அம்மையார் எழுதியிருந்தது. இதில் தலைப்பு போட ஏதாவது இருக்கிறதா? சொன்னதைவிடச் சொல்லாமல் பின்வாங்கியதுதான் அதிகம்.

தலைப்பு கத்தரியை எடுத்தார். முதலில் ‘ஓரளவு’ போயிற்று. பிறகு ‘துணையாக’. ‘உதவக்கூடுமா’ பெட்டிக்கு வெளியே வாலை நீட்டியது, அதுவும் போயிற்று. கடைசியில் ‘ஆய்வுக்கூடக் கிண்ணத்தில்’ மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. வைரஸ் எங்கே செத்தால் என்ன, செத்ததுதானே செய்தி என்று அதையும் கிளப்பிவிட்டார். மிஞ்சியது இது: ‘எச்.ஐ.வி.யைத் தடுக்கும் வேலியோரச் செடி!’ ஆச்சரியக்குறிக்குக்கூட இடம் இருந்தது.

“பிரமாதம்யா,” என்றார் இயக்குநர். கட்டுரையை அவர் படிக்கவில்லை. தலைப்புதான் இருக்கிறதே.

செய்தி ஊரெல்லாம் பரவியது. வேலிகள் மொட்டையாயின. அந்த இலையை அதுவரை ஆடுகூட முகர்ந்து பார்த்ததில்லை. இப்போது நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் பைநிறையக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. என்றால் என்னவென்று தெரியாது. அதையே தடுக்கிறதென்றால் மூட்டுவலி எம்மாத்திரம் என்பது அவர்கள் கணக்கு. தலைப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடமாடினார்.

அவருடைய அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் துணி ஆல்டர் கடை வைத்திருந்தாள். பேன்ட் கால் மடிப்பது, இடுப்பு பிடிப்பது, பிய்ந்த ஜிப் மாற்றுவது. அவள் புருஷன் செத்துப்போகும்போது விட்டுப்போன ஒரே சொத்து அவள் ரத்தத்தில் இருந்தது. அதற்குத் தினம் ஒரு மாத்திரை. பல வருடமாக ஒருநாள் தவறாமல் போட்டதில் வைரஸ் வாலைச் சுருட்டிக்கொண்டு, சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. இந்த விஷயம் அவளுக்கும், தம்பிக்கும், டாக்டருக்கும் மட்டுமே தெரியும். மாத்திரை, கடையில் பொத்தான் டப்பாவுக்குள், கோட்டுப் பொத்தான்களுக்கு அடியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைப்பு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அடுப்பில் ஒரு பாத்திரம் பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னக்கா இது? சாயம் போடறியா?”

“உன் செடிதான். மூணு வாரமா குடிக்கிறேன்.” அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை. “கசக்குதுன்னா கசக்குது, அப்படி ஒரு கசப்பு. என் தம்பி எழுதினதாச்சேன்னு மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஊத்திக்கிறேன்.”

“மாத்திரையோட சேர்த்தா?”

“எதுக்கு ரெண்டு? அதை நிறுத்திட்டேன்.”

“அக்கா! யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“யாரைக் கேக்கணும்? நீதானேடா எழுதினே, தடுக்கும்னு?”

“அது... அது கிண்ணத்துலக்கா. கண்ணாடிக் கிண்ணத்துல தடுத்துச்சு. மனுஷ உடம்புல இல்ல.”

“கிண்ணமா? கிண்ணத்தைப் பத்தி நீ எழுதவே இல்லையே.”

“இடம் பத்தலைக்கா.”

“அப்போ பொய்யா எழுதினே?”

“பொய் இல்ல. சுருக்கினேன்.”

அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? இத்தனை வருஷமா அந்த மாத்திரையைத் திருடி மாதிரி முழுங்கறேன். கடைக்கு ஆள் வந்தா டப்பாவை மூடிடறேன். இந்தத் தண்ணியைப் போன வாரம் எதிர்க்கடைக்காரி முன்னாடியே குடிச்சேன். எதுக்குன்னு ஒரு கேள்வி இல்ல. எனக்கும் ஒரு டம்ளர் குடுன்னு வாங்கிக் குடிச்சா. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?”



மறுநாள் தலைப்பு மூன்றாவது மாடிக்கு ஓடினார். மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த பேராசிரியை, அவரை வெறும் கையாலேயே பிழிந்து சாறெடுத்துவிடுபவர்போல் பார்த்தார்.

“சோப்புத் தண்ணி ஊத்தினாலும் அந்தக் கிண்ணத்துல வைரஸ் சாகும். அதுக்காக சோப்புத் தண்ணி குடிப்பாங்களா? நல்ல பொருள்தான், வேலை செய்யலாம். ஆனா மருந்தாகுமான்னு தெரியவே பல வருஷம் ஆகும். அதோட அது தண்ணியில கரையவே கரையாது. இலையைக் கொதிக்க வெச்சா பச்சைத் தண்ணிதான் கிடைக்கும். மாத்திரையை நிறுத்தினா வைரஸ் திரும்ப ஏறும். அதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம். யாராவது நிறுத்திட்டாங்களா என்ன?”

“இல்ல மேடம். சும்மா கேட்டேன்.”

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தார். அக்கா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, யாருடைய பேன்ட்டுக்கோ சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“அச்சுல சொன்னவனும் நீதான், வாயால மாத்திச் சொல்றவனும் நீதான். நான் எதைடா நம்பறது? நீ எழுதினதைப் படிச்சு என்னை மாதிரி எத்தனை பேர் நிறுத்தினாங்களோ. அவங்க வீட்டுக்கெல்லாம் போய் இப்படிக் கையைப் பிசைவியா? தப்புன்னு அதே இடத்துல போடு. அப்புறம் முழுங்கறேன்.”

“அக்கா, விளையாடாதே. உயிர் விஷயம்.”

“அதான் சொல்றேன். சீக்கிரம் போடு.”

மறுநாள் திருத்தம் போடவேண்டும் என்று தலைப்பு போய் நின்றதும் இயக்குநர் சிரித்தார். “நாம என்னய்யா பொய் சொன்னோம்? உதவக்கூடும்னுதானே போட்டோம்?”

“அந்தக் ‘கூடும்’ அடங்கலைன்னு நான்தான் சார் வெட்டினேன்.”

“நல்லாத்தானே வெட்டியிருக்கே! போன மாசம் நம்ம பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? இதனால யாருக்கு என்னய்யா நஷ்டம்? ஒரு ஆளைக் காட்டு.”

ஒரு ஆளைக் காட்ட முடியும். காட்டினால் நாளைக்கே பின்சந்துக் கடைக்குப் பேன்ட் கொண்டுவர யாரும் இருக்கமாட்டார்கள். வாழ்க்கை முழுக்க வார்த்தையை வெட்டியே சம்பளம் வாங்கிய மனிதர், அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு வார்த்தையை விழுங்கினார். கீழே இறங்கிவந்து கதவைச் சாத்தினார். பெட்டியின் சாவியான கடவுச்சொல் அவரிடம்தானே இருந்தது? முகப்பில் ஏற்றினார்:

‘வேலியோரச் செடியின் பொருள் எச்.ஐ.வி.யைத் தடுத்தது ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் மட்டுமே, மனித உடலில் அல்ல, இலைச்சாறு மருந்தில்லை, மாத்திரையை யாரும் நிறுத்தாதீர்கள், முன்பு எழுதியது தவறு, தவறு என்னுடையது.’

பெட்டியின் வலது ஓரத்தை உடைத்துப்போட்டு நான்கு வரிக்கு அகலப்படுத்தியதில் பெட்டிக்கு மேலே இருந்த இயக்குநரின் புகைப்படம் பாதி மறைந்துபோனது. கண்ணுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

அக்கா கடையில் அவருடைய போனை வாங்கி முழுக்கப் படித்தாள். ஒருமுறை போதாதென்று மறுபடியும் படித்தாள்.

“ரொம்ப நீளம்டா. கீழே கொஞ்சம் மடிச்சு அடிச்சிருக்கலாம்.”

“மடிச்சு அடிச்சதுலதான்கா வந்துச்சு வினை.”

அவள் பொத்தான் டப்பாவைத் திறந்து, கோட்டுப் பொத்தான்களைக் கிளறி மாத்திரையை எடுத்து முழுங்கினாள். மறுநாள் தம்பியோடு டாக்டரிடம் போனாள். டாக்டர் திட்டிய திட்டை இங்கே எழுதினால் எந்தப் பெட்டியிலும் அடங்காது. ரத்தத்தில் வைரஸ் தலைதூக்கியிருந்தது. பழைய மாத்திரைக்கு அடங்குமா என்று தெரியும்வரை அக்காவும் தம்பியும் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ருசியே இல்லை. நல்லவேளை, அடங்கியது.

தலைப்பை இப்போது வாகன நிறுத்தப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் எழுதிய அறிவிப்பு வாசலில் தொங்குகிறது: ‘மழை இல்லாத நாட்களில், இடம் காலியாக இருக்குமானால், இங்கே இரண்டு சக்கர வண்டிகளை நிறுத்தலாம் என்று இப்போதைக்குத் தெரிகிறது.’ படித்து முடிப்பதற்குள் ஆட்கள் வண்டியை எங்காவது நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பின்சந்துக் கடையில் மாத்திரைப் புட்டி பொத்தான் டப்பாவிலிருந்து வெளியே வந்து, மெஷின்மேல் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எதிர்க்கடைக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள். “இது எதுக்குக்கா?”

“எனக்கு வேணும். நீ ஒண்ணும் பங்கு கேக்காதே,” என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினை மிதித்தாள்.