சாமந்தி தின்ற டர்போ

என் அக்காள் வீட்டுக்காரர் திண்டிவனம் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி அவருடையதுதான். வயசில் அது எனக்கு அண்ணன். நான் விழுப்புரத்தில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். மெக்கானிக் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி. ஷெட்டுக்காரரைக் கேட்டால், "அவனா, ஸ்பேனர் எடுத்துக் குடுப்பான்" என்பார்.

எண்பதுகளின் கடைசி அது. சென்னை ரோட்டில் அப்போதுதான் ஒன்றிரண்டு லாரிகள் முதுகில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தன. எனக்குத் தமிழே தட்டித் தடவித்தான் படிக்க வரும். ஷெட்டுக்கு வந்த ஒரு கிளீனர்தான் அது டர்போ என்று படித்துச் சொன்னான்.

"டர்போன்னா இன்னா தெரியுமாண்ணே? இஞ்சின் வுடற பொகயிலயே ஒரு காத்தாடி சுத்தும். அது அந்தாண்ட இன்னொரு காத்தாடிய சுத்த வுட்டு, வெளிக்காத்த இழுத்து இஞ்சினுக்குள்ள தம் கட்டி அடிக்கும். வண்டி பறக்கும்ணே."

வெளியே போகிற புகையைப் பிடித்துத் திரும்ப வேலை வாங்குவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் ராத்திரி மீந்த சோறு காலையில் பார்க்கிற உத்தியோகம் அதுதானே!

அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவர், தினமும் காலையில் விழுப்புரம் கமிட்டிக்குப் போய்வர மாச வாடகைக்கு ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். கமிட்டி என்றால் மல்லாட்டை ஏலம் போகிற இடம். ஏலம் தொடங்கும் முன்னே போய்ச் சேர வேண்டும். "வண்டி ஜல்தியா போவணும். ஒரு தபா ஏறிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். அது கிடைத்துவிட்டால், சவாரி வருமா வராதா என்று மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டாம். அக்காளும் அடுப்பைப் பற்றவைக்க மாமா வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

நான் மார் தட்டினேன். "மாமா, டர்போ மாட்டிடலாம். எங்கப்பா மேல சத்தியமா சொல்றேன், வண்டி பறக்கும்." மாமா நம்பினார். அக்காளும் நம்பினாள்.

விழுப்புரத்தில் உடைத்த வண்டிகளின் சாமான் விற்கிற காயலான் கடைக்குப் போனேன்.

"பாய், டர்போ இருக்குதா?"

"ரெண்டு கெடக்குது. சின்னது பாண்டில ஒரு வெள்ளக்காரன் கார்ல கழட்டனது. பெருசு மண்ணு வெட்டற மெஷினுது."

சின்னது ஒரு பன் அளவுக்குக் கையில் அடங்கியது. பெரியது பூசணிக்காய். குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துத்தான் தூக்க முடிந்தது.

"எது நல்லா வேல செய்யும் பாய்?"

"அத இன்னாத்துக்குப்பா எங்கிட்ட கேக்கற? நான் எட போட்டு விக்கறவன். எடயக் கேளு, சொல்றேன்."

"எங்க மாமா வண்டி கெழட்டு வண்டி பாய். அதுக்குத் தெம்பு ஜாஸ்தி வேணும். பெருசையே போடுங்க."

ஒரு காருடைய புகைக்கு அந்தப் பூசணிக்காய் அசையவே அசையாது. கைக்குழந்தையை ஊதச் சொல்லி மாவு மெஷினை ஓட்டப் பார்த்தவன் நான். பாய் சின்னதைத் திரும்பக் குப்பையில் வீசினார். நான் பெரியதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோயில் சிலையைக் கடத்துகிறவன் மாதிரி பஸ் ஏறினேன்.

மற்ற சாமான்களையும் இதே அறிவோடுதான் பொறுக்கினேன். டர்போ சுற்றுவதற்கு ஆயில் வேண்டும். ஆயில் வருவதற்கு ஒரு குழாய், வடிந்து இஞ்சினுக்குத் திரும்ப ஒரு குழாய். வடிகிற குழாய் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் தேங்கிப் புகைக்குழாயில் இறங்கிவிடும். நான் இரண்டையும் மெல்லிய செம்பிலேயே வாங்கினேன். ஜோடியாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. கடைசியில் பானெட்டுக்குள் இடம் போதவில்லை. காற்றை வடிகட்டி அனுப்புகிற ஏர் ஃபில்டர், பெரிய சட்டி மாதிரி இருந்தது, அதைக் கழற்றித் தூரப் போட்டேன். அப்படியும் பானெட் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினேன்.

"மாப்ள, அந்தச் சட்டி எங்கடா?" என்றார் மாமா.

"அதெல்லாம் பழைய காலம் மாமா. டர்போ வண்டிக்கு மூக்கு தொறந்துதான் இருக்கணும்."

அதையும் நம்பினார்.

முதலாளி ஏறிப் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. அக்காள் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு ஈரத் தலையோடு பூஜை போட வந்தாள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பானெட்டைத் திறக்கச் சொல்லி டர்போவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு, தானே கட்டிய சாமந்தி மாலையை அதன் கழுத்தில் போட்டாள்.

நான் கை தட்டினேன். "யக்கா, மாப்ளைக்கு மால வுழுந்துடுச்சி. தாலி எப்ப கட்டறது?"

அக்காள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. மாலையின் நூல், டர்போவின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் தொங்கியது. பார்த்தேன். மெக்கானிக் கண்ணால் பார்க்கவில்லை, கல்யாண வீட்டுக்காரன் கண்ணால் பார்த்தேன். பானெட்டைச் சாத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

முதலாளி பின் சீட்டில், நான் மாமாவுக்குப் பக்கத்தில். வண்டி ஊரைத் தாண்டியது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

"இன்னாப்பா, பஸ்ஸெல்லாம் நம்மளத் தாண்டிப் போவுது?" என்றார் முதலாளி.

"ஓட ஓடத்தான் தம் கட்டும் மொதலாளி. இப்ப வரும் பாருங்க."

"எப்ப? விழுப்புரம் வந்தப்பறமா?"

"மாமா, நல்லா அழுத்துங்க" என்றேன். மாமா மிதித்தார். பானெட்டுக்குள்ளே சர்ரென்று எதையோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வந்துடுச்சி மொதலாளி, வந்துடுச்சி!" என்று கத்தினேன். வண்டி விக்கியது, இருமியது, பின்னால் வெள்ளைப் புகையைக் கக்கியது. கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில், டீக்கடைக்கு நேர் எதிரே நின்றுவிட்டது.

கயிற்றை அவிழ்த்து பானெட்டைத் தூக்கினேன். டர்போவின் வாயில் மொட்டை நூல் மட்டும் சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒரு பூ இல்லை. எல்லாம் கார்புரேட்டர் தொண்டையில் மஞ்சள் கூழாக அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆயில் ஒழுகியது.

முதலாளி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, இஞ்சினா பூக்கடையா?"

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. "ஒண்ணுமில்ல மொதலாளி, வண்டி மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு இருக்குது. அதான் கிட்ட வந்ததும் நின்னுடுச்சி" என்றேன். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். திரும்பினால், மாமா ஒரு குச்சியை வைத்து கார்புரேட்டரிலிருந்து பூவை நோண்டி நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. என் சிரிப்பை நிறுத்த இடம் தெரியாமல் இருமலாக மாற்றினேன்.

"யாருப்பா இத மாட்டுனது?" என்றார் முதலாளி.

"எங்க மாப்ளதாங்க. நல்ல வேலக்காரன்" என்றார் மாமா, தலையைத் தூக்காமலே.

முதலாளி என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவரோ, மூட்டை ஏற்றிப் போன ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறிப் போய்விட்டார். அந்த வாடகை, அதே ஸ்டாண்டில் மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்குப் போயிற்று.

ஒரு டிராக்டர்காரர் எங்களைக் கயிறு கட்டித் திண்டிவனத்துக்கு இழுத்து வந்தார். அக்காள் வாசலிலேயே நின்றிருந்தாள். நேராகப் போய் திறந்து கிடந்த பானெட்டுக்குள் பார்த்தாள். கருப்பு ஆயிலில் ஊறித் தொங்கிய தன் நூலைத் தொட்டாள்.

"நான் போட்ட மாலயா?"

"இல்லக்கா" என்றேன். "அந்தச் சட்டிய வச்சிருந்தா பூவு உள்ளயே போயிருக்காது. கழட்டிப் போட்டது நானு. சின்னது வாங்கியிருந்தா சட்டி வைக்க எடம் இருந்திருக்கும். பெருசு வாங்குனதும் நான்தான். நீ பூவே போடாட்டியும் இது நாறிப் போயிருக்கும்க்கா."

நான் ஆயுசில் ஒரு தமாஷும் கலக்காமல் பேசிய பேச்சு அது. அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போடா, எனக்குத் தேறுதல் சொல்ல வந்துட்டான். உனக்கு எல்லாமே வெளயாட்டுதான்" என்றாள்.

"எங்கப்பா மேல சத்தியமாக்கா."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. வண்டி பறக்கும் என்பதற்கும் இதே அப்பா மேல்தான் சத்தியம் செய்திருந்தேன்.

மாமா என் தோளில் கை வைத்தார். "வுடு மாப்ள. அவ தெரியாமப் போட்டுட்டா. பூவு போயி அடச்சிக்கினா நீ இன்னா பண்ணுவ?"

நான் விட்ட கதையையெல்லாம் நம்பிய அந்த இரண்டு பேரும், இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை.

டர்போவைக் கழற்றிப் பாயிடம் கொண்டுபோனேன். தராசில் வைத்தார். "பரவால்லியே, எட கொறையல" என்றார். சட்டியை எடுத்துத் திரும்ப மாட்டினேன். வண்டி தன் பழைய நடையில் ஓட ஆரம்பித்தது. மாமா வேப்பமரத்தடிக்குத் திரும்பினார். பக்கத்து வண்டி காலையில் முதலாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் டயரைக் குனிந்து பார்ப்பது போலக் குனிந்துகொள்வார் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் அரிவாள்மணைக்குப் பூ வைத்தாள். அம்மிக்கு வைத்தாள். என் ஸ்பேனரைக் கேட்டு வாங்கி அதற்கும் ஒரு துண்டு வைத்தாள். வண்டிக்குப் பின்பக்கம் டிக்கியில் மட்டும் கொஞ்சம் சந்தனம் தொட்டு வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஸ்டாண்டில் மற்ற வண்டிகளெல்லாம் வாழைக்கன்றும் மாலையுமாக நின்றிருக்கும் நாள் அது. தட்டில் ஒரு முழம் சாமந்தி மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனேன்.

அக்காள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டா தம்பி. என் பூவு அதுக்கு ஆவாது."

சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பூவைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.