ஐஸ் பேக்டரியில் பிளந்த பம்பு

காஞ்சிபுரத்தைச் சுற்றி நான் கை வைக்காத மோட்டார் பம்பு கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்குழியில் கால் வைத்தார்கள். நான் கிணற்றுக்குள் இறங்கினேன். கூரத்தில் ஒரு கிணறு, திருப்புட்குழியில் ஒரு கிணறு என்று ஆரம்பித்து இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் சொந்தப் பட்டறை, மாடி வீடு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள். யாரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

என் மகள் இருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஐந்து மாதம் ஏரி கல்லாக உறைந்துவிடும். மற்ற மாதங்களில் சனிக்கிழமை வந்தால் ஜனங்கள் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறார்கள். மீன் பிடிக்க இல்லை, வியாபாரத்துக்கும் இல்லை. சும்மா சுற்றிவர! என் மகளும் நாலு சிலிண்டர் எஞ்சின் வைத்த பழைய படகு ஒன்றை வாங்கினாள். சின்ன வயதிலிருந்து அவளாக ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். மற்றதெல்லாம் நாங்கள் வாங்கிக் கொடுத்து, அவள் சரி என்றது.

குளிர் தொடங்குவதற்கு முன்னால் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்குப் படகைக் கரையேத்திக் கொட்டாயில நிறுத்தப் போறோம். அஞ்சு மாசம் சும்மா கெடக்கும். எஞ்சினை என்னா பண்ணி வைக்கணும்?"

எங்கள் பக்கத்தில் ஒரு பம்பு ஓடாமல் நிற்கப்போகிறது என்றால், அதன் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றி அடைத்துவிடுவோம். காய விட்டால் உள்ளே தோல் வாஷர் சுருங்கி வெடித்துவிடும்; அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இழுக்காது. இந்த ஒரு பாடத்தை எத்தனை விவசாயிகளுக்குச் சொல்லியிருப்பேன்! மகளுக்கும் அதையே சொன்னேன்.

"வாய் வரைக்கும் தண்ணி ரொப்பி இறுக்கமா மூடிட்டு வாம்மா. உங்கப்பன் சொன்னான்னு செய்."

செய்தாள். நானும் டீக்கடையில் உட்கார்ந்து, கடல் தாண்டி ஒரு கப்பல் என் பேச்சைக் கேட்டு நிற்கிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டேன்.

பனி விட்டதும் வீடியோவில் வந்தவர் மாப்பிள்ளை.

"மாமா, உங்க பொண்ணு பண்ண வேலையப் பாத்தீங்களா? எஞ்சின்ல தண்ணிய ரொப்பி மூடி வெச்சிருக்கா! உள்ள ஐஸாயிப் பொளந்துக்கினு நிக்குது. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்றா."

அவருக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினாள். என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். நானோ, 'எங்க பொளந்திருக்கு, காட்டுங்க மாப்பிள்ளே,' என்று பேச்சை மாற்றினேன்.

எஞ்சின் பக்கவாட்டில் இருந்த தகர மூடிகள் பிதுங்கி வெளியே விழுந்திருந்தன. அவற்றை அங்கேயே மாற்றிவிட்டார்கள். ஆனால் மெனிபோல்டு, அதாவது புகை வெளியேறும் இரும்புக் கூடு, அதன் வெளிச்சுவரில் நாலு விரல் நீளத்துக்கு விரிசல். இரண்டு சுவருக்கு நடுவே ஓடும் தண்ணீரெல்லாம் அந்த வழியாகக் கொட்டியது. பழைய எஞ்சின், மாற்று கிடைக்கவில்லை.

"அத்த கழட்டிக் குடுத்து அனுப்புங்க மாப்பிள்ளே, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"சரி மாமா. சரியாவலன்னா படகு காயலான் கடைக்குத்தான்."

மகள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திறந்தது என் வீட்டுக்காரி. ஸ்வெட்டரைப் பிரித்தாள், இன்னொரு ஸ்வெட்டரைப் பிரித்தாள்.

"இன்னாடி இது, அம்மிக்கல்லா?"

"மெனிபோல்டும்மா."

"சாக்லேட்டு எங்க?"

"வெயிட்டு ஏறிடுச்சுன்னு ஏர்போர்ட்லயே எடுத்துட்டேன்."

என் வீட்டுக்காரி தறியில் போய் உட்கார்ந்து அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே பலகையை மிதித்தாள்.

இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் தெரிந்தது, மனசு ஒப்பவில்லை. "வார்ப்புல கோளாறும்மா. தண்ணியாவது இரும்பை ஒடைக்கிறதாவது!"

"தண்ணி ஐஸானா வீங்கும்பா. அஞ்சாங் கிளாஸ் பாடம்."

"நான் மூணாங் கிளாஸ்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "வா, பாத்துடலாம்," என்றாள்.

மறுநாள் காலையில் பழைய பம்புக் கூடு ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இரண்டு வாயையும் தகடு வைத்து முடுக்கி, ஐஸ் பேக்டரிக்கு எடுத்துப் போனோம். பேக்டரி பாய் எனக்குப் பழைய சிநேகம்.

"இன்னா மேஸ்திரி, பம்புக்கு ஜுரமா?"

"அத்த ஐஸ் அச்சு முக்கற உன் உப்புத் தண்ணித் தொட்டியில எறக்கு பாய். சாயங்காலம் வர்றேன்."

சாயங்காலம் போனபோது பாயே கொக்கி போட்டுத் தூக்கினார். விரல் கனமுள்ள இரும்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெடித்துத் திறந்திருந்தது. வெடிப்பில் வெள்ளையாக ஐஸ் எட்டிப் பார்த்தது.

"யா அல்லா! நம்ம ஐஸுக்கு இவ்ளோ தில்லா?" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எத்தனை வருஷம் இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், இந்த ஒரு வித்தையை மட்டும் என்னிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறதே!

அங்கே நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளே, தண்ணிய ரொப்பி மூடச் சொன்னது நான். அவ இல்ல."

"தெரியும் மாமா."

"எப்படி?"

"அன்னிக்குப் போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. 'உங்கப்பன் சொன்னான்னு செய்'னீங்களே, பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். எனக்கும் அப்போ ஐஸ் ஞாபகம் வரல. நீங்களா எப்போ சொல்றீங்கன்னு பாத்தேன்."

மகள் போனைப் பிடுங்கி அவரை என்னென்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. பாய் காதைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று நாள் அந்த மெனிபோல்டுக்குத் தையல் போட்டேன். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் சூட்டில் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். அதனால் விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு முதலில் அதன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிறகு விரிசல் மேலேயே துளை போட்டு, மரை வெட்டி, செம்புத் திருகை முறுக்கி, தலையை அறுத்துவிட வேண்டும். அடுத்த துளை முதல் திருகைக் கொஞ்சம் கடித்தபடி விழ வேண்டும். அப்படியே கடைசி வரைக்கும், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு. முடிந்ததும் சுத்தியலால் பூப்போலத் தட்டினேன். இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ய இந்த ஜில்லாவில் இன்னொருவன் இருந்தால் வரட்டும், பார்க்கிறேன்.

வாய்களை அடைத்து, கைப்பம்பால் உள்ளே தண்ணீரை அழுத்தி, தையல் மேல் சாக்பீஸ் பொடி தூவினோம். கசிந்தால் பொடி நனைந்து காட்டிக் கொடுத்துவிடும். என் வீட்டுக்காரியும் தறியை விட்டு வந்து குனிந்து பார்த்தாள். அரை மணி நேரம். பொடி பொடியாகவே இருந்தது.

"வேர்க்கல," என்றாள். அவள் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இனிமேல் உடையாமல் இருக்க வழி செய்ய வேண்டுமே! மகள் எஞ்சின் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். தண்ணீரை வெளியே வடிப்பதற்கு அந்த எஞ்சினில் ஏழு திருகு. ஒன்றை மறந்தாலும் போச்சு. என் வீட்டுக்காரியிடம் அரக்குப் பட்டு நூல் ஏழு துண்டு கேட்டேன்.

"முகூர்த்தப் புடவை நூலுங்க இது. எஞ்சினுக்கா?"

"அதுவும் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான், குடு."

திருகுக்கு ஒரு நூல் கட்ட வேண்டும். குளிருக்கு முன்னால் ஏழையும் கழற்றி ஒரு பைக்குள் போட்டு, பையை ஸ்டியரிங்கில் மாட்ட வேண்டும். ஏழு நூல் எண்ணினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கடைசியில் ஏழையும் திரும்ப முடுக்கி, உறையாத மருந்துத் தண்ணீரை உள்ளே ஓட்டிவிட வேண்டும்.

மகள் மெனிபோல்டையும் ஏழு நூலையும் எடுத்துப் போய் மாட்ட, அந்தக் கோடை முழுக்கப் படகு ஓடியது. குளிருக்கு முன்னால் மாப்பிள்ளை வீடியோவில் காட்டிக்கொண்டே திருகுகளைக் கழற்றினார். ஆறு துளையில் தண்ணீர் ஊற்றியது. ஏழாவதில் ஒன்றும் வரவில்லை.

"இது காலி மாமா."

"கம்பிய விட்டுக் குத்துங்க மாப்பிள்ளே."

"அதான் வரலியே மாமா."

"குத்துங்கன்றேன்!"

குத்தினார். துருச் செதில் ஒன்று விழுந்தது. பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் அவர் சட்டை மேல் பாய்ந்தது. மகள் கை தட்டிக் குதித்தாள். அந்த ஒரு சொம்புத் தண்ணீர் போதும், மறுபடி எஞ்சினைப் பிளக்க.

போன மாதம் அங்கே பனி விட்டது. எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. மகள் சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தையல் போட்ட இடத்தில் விரலை முழு நீளத்துக்கும் இழுத்து, அந்த விரலைப் போனுக்கு நேராக நீட்டினாள். ஈரமே இல்லை. படகு நகர்ந்தது, பின்னால் ஏரி வெயிலில் பளபளவென்று விரிந்தது.

"மாமா, அடுத்த குளிருக்கு என்னா பண்ணணும்?" சத்தத்துக்கு மேல் கத்தினார் மாப்பிள்ளை.

"ஏழு நூலு, மாப்பிள்ளே!"

என் வீட்டுக்காரி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஏண்டி, இந்த வாட்டி வரும்போது பெட்டியில சாக்லேட்டுக்கு எடம் இருக்குமில்ல?"