மாதா போட்ட மார்க்

பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒருத்தி மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை. அவள் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். வடக்கனந்தலில் எங்கள் தெருவில்தான் அவள் வீடு. கள்ளக்குறிச்சிப் பள்ளியில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் என்னைவிட நிறைய வாங்கியிருந்தாள். எனக்கோ பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் வேண்டும். இந்த மார்க்குக்கு அது கிடைக்காது என்று டீச்சர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

நான் என்ன படிக்காதவளா? விடியற்காலையில் எழுந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் படிப்பேன். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போட ஆரம்பித்து, கடைசியில் புத்தகத்தில் கோடு இல்லாத வரியே இல்லை. அவள் வீட்டிலோ சத்தமே கேட்காது.

"அந்தப் பொண்ணு படிக்கறதே தெரியல, மார்க்கப் பாரு. நீ கத்தறதுல மாடுதான் மெரளுது" என்பாள் அம்மா.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேரே மாதா கோயிலுக்குள் போய்விடுவாள். ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்; உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்படியா சங்கதி! மார்க் போடுவது மாதா. சொந்தப் பிள்ளைக்கு வெண்ணெய், எனக்குச் சுண்ணாம்பு. எங்கள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துப் பார்த்தேன். அடுத்த திருப்புதல் தேர்விலும் அவள்தான் அதிகம்.

கடைசியில் மானத்தை விட்டு நானும் ஒரு மெழுகுவத்தியோடு உள்ளே போனேன். "எனக்கு ஜாஸ்தி போடாட்டியும் பரவால்ல தாயே, அவளுக்குக் கொஞ்சம் கம்மி பண்ணு" என்று வேண்டிக்கொண்டு அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் முணுமுணுப்பது காதில் விழுந்தது.

"வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வால்வு..."

அதற்கு மேல் வராமல் நிறுத்திவிட்டாள். அன்று காலையில்தான் அதே வரியைக் கத்திக் கத்திப் படித்திருந்தேன். எனக்கும் வரவில்லை. அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள். மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்ற? ஜெபம் பண்றன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"வூட்ல தம்பி டிவி பாத்துக்கினே இருக்கான்டி. அதான் இங்க வந்து பாடத்தச் சொல்லிப் பாக்கறேன். புக்கத் தெறந்து வெச்சிக்கினா எல்லாம் தெரிஞ்ச மாரியேதான் இருக்கும். மூடினாதான் இன்னா தெரியலன்னு தெரியும்."

மாதாதான் காரணம் என்றால் மாதாவைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். எல்லாம் அவள் கெட்டிக்காரத்தனம் என்றதும் பொறாமை இன்னும் ஏறியது. ஆனாலும் குரூப் வேண்டுமே. அவளுக்குத் தெரியாமல் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தேன். சொல்ல வராத இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்ப்பேன். மறுநாள் அதைத்தான் முதலில் சொல்லிப் பார்ப்பேன். பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பொதுத்தேர்வு ரிசல்ட் வந்தது. அறிவியலில் அவளைவிட எனக்கு ஒரு மார்க் அதிகம். குரூப் நிச்சயம். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன். அவள் முகம் சுருங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவளோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"எனக்குத் தெரியும்டி! உனக்கு குரூப் கெடைக்கணும்னு டெய்லி மாதாகிட்ட வேண்டிக்கினேன்."

முதல் தடவையாக அவளை ஜெயித்திருந்தேன். அந்த மார்க்கும் அவள் வாங்கிக் கொடுத்ததாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.