துவைத்துவிட்ட முயல் சட்டை

அந்த வீட்டில் துணி துவைப்பவர் கணவர். ஆறேழு மாதமாக அப்படித்தான். அதற்கு முன்பு லிஃப்ட் பழுது பார்ப்பவராக இருந்தார். மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டு வேலை செய்து பழகியவர். இடுப்பு ஒடிந்து, இனி கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டோடு தங்கிவிட்டார். முதலில் சில வாரங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். அப்புறம் ஒருநாள், யாரும் கேட்காமலே, மகளுடைய சட்டையில் இருந்த மைக் கறையை உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியவருக்குக் கறையும் ஒரு கோளாறாகவே தெரிந்தது. எது எதனால் வந்தது, எதற்கு வெந்நீர், எதற்கு எலுமிச்சை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார். குளியலறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் எது கிடந்தாலும் அது துவைக்க வேண்டியது. கேள்வியே கிடையாது. ஒருமுறை மகளின் புத்தகப் பையும் அந்த வழியாகப் போய் வந்தது. அவள் சண்டை போட்டாள். அவர் அசையவில்லை. "நாற்காலியில வெச்சல்ல?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரஷ் வைத்து அவர் தேய்த்துக்கொண்டிருந்தது ஒரு முயல் சட்டையை. பழுப்பு ரோமம், இரண்டு நீளக் காது, ஏழெட்டு வயதுக் குழந்தையின் அளவு. முழங்கையிலிருந்து நெஞ்சு வரை சேறு அப்பிக் காய்ந்திருந்தது. விட மாட்டேன் என்றது சேறு. அவரும் விடவில்லை.

சட்டையைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி. சினிமா யூனிட்டில் உடைப் பிரிவில் இருக்கிறாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையிலிருந்து வந்து, பொத்தான் தைப்பதில் தொடங்கி, இன்றைக்கு அழுக்குக்குப் பொறுப்பாகி நிற்கிறாள். யூனிட்டில் அவள் பெயரே அழுக்கக்கா. படத்தைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. காலையில் முடிவு, மதியம் ஆரம்பம் என்று எடுப்பார்கள். முதல் நாள் ஒருவன் சட்டையில் டீ சிந்தியிருந்தால், இரண்டு மாதம் கழித்து அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போதும் அந்தக் கறை அதே இடத்தில், அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கறைகளைக் காப்பாற்றுவது அவள் வேலை. புதுத் துணியைத் தரையில் போட்டுத் தேய்த்து ஏழையாக்குவாள். துவைப்பது மட்டும் அவள் அகராதியிலேயே இல்லை.

இதையெல்லாம் அவள் வீட்டில் விளக்கிச் சொன்னதில்லை. "வேலை எப்படிப் போச்சு?" என்பார் அவர். "போச்சு" என்பாள். லிஃப்டைப் பற்றி அவள் கேட்டிருந்தாலும் அவர் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்.

இப்போது எடுக்கும் படம் குடும்பத்தோடு பார்க்கிற மாயாஜாலக் கதை. முயலும் ஆமையும் ஓடிய பந்தயம்தான், எல்லாரும் சின்ன வயதில் கேட்டது. ஆனால் இவர்கள் அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இந்த முயல் ஒரு சிறுமி. வழியில் அவள் தூங்கவே இல்லை. குழியில் விழுந்த ஆமைக்குஞ்சைத் தூக்கிவிட இறங்கி, அதிலேயே மாட்டிக்கொள்கிறாள். தோற்றுத் திரும்பினால் காடே தூங்குமூஞ்சி என்று சிரிக்கிறது. கடைசிக் காட்சியில் கிழட்டு யானை அவள் சட்டையிலிருக்கும் சேற்றைக் காட்டி நியாயம் பேசுகிறது. கதையின் ஒரே சாட்சி அந்தச் சேறுதான். அந்தக் காட்சி திங்கட்கிழமை.

யூனிட் துணி வெளியே போகக்கூடாது என்பது சட்டம். ஒரு காது தையல் விட்டிருந்தது. ஞாயிறு விடுமுறை. வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துவிடலாம், அவருக்கும் பேச்சுத்துணை என்று நினைத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். அதே பழுப்பில் நூல் இல்லை. நாலு கடை ஏறி இறங்கித் தேட வேண்டியிருக்கும் என்று, கையிலிருந்த பையைப் பக்கத்தில் எது இருந்ததோ அதில் வைத்துவிட்டு ஓடினாள்.

நூலோடு திரும்பியபோது சாயங்காலமாகியிருந்தது. மகள் மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு பை இருந்துச்சே?"

"பை இருக்கு. முயல்தான் பால்கனியில காயுது," என்றாள் மகள் தலையைத் தூக்காமல். "அப்பா அதைத் தலைக்குக் குளிப்பாட்டி விட்டுட்டார். ஷாம்பு என்னோடது, சொல்லிட்டேன்."

நூலை மேஜைமேல் போட்டுவிட்டு அம்மா பால்கனிப் பக்கம் திரும்பினாள்.

அவர் சட்டையை ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தார். முகத்தில் பழைய களை.

"சேத்துல புரட்டி எடுத்திருக்கானுங்க பாரு. பச்சைத்தண்ணிக்கு மசியலை. கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன், அப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. குழந்தை போடற துணி இல்லையா, நாளைக்கு அதுக்குச் சொறி வந்தா யார் பதில் சொல்றது?"

அவள் ரோமத்தைத் தொட்டாள். செயற்கை ரோமம். பொசுபொசுவென்று நின்றது இப்போது திரித்திரியாக ஒட்டி, நுனி கருகியிருந்தது.

"இஸ்திரி போட்டீங்களா?"

"லேசாத்தான். ஈரம் இருந்துச்சு."

அவள் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. உடைப் பிரிவின் தலைவர். எல்லாருக்கும் மாஸ்டர். உரக்கப் பேசுகிறவர், போனை எங்கே வைத்தாலும் வீடு முழுக்கக் கேட்கும்.

"ஏம்மா, ஸ்டோர்ல ஹேங்கர் மட்டும் தொங்குது. முயல் எங்க, மேயப் போயிருக்கா?"

"எங்கிட்டதான் இருக்கு மாஸ்டர்."

"அப்பாடா. உன்கிட்ட இருந்தா பேங்க்ல இருந்த மாதிரி. வெளிய எடுத்துட்டுப் போனதை அப்புறம் பேசிக்கறேன்."

"மாஸ்டர், அதைத் துவைச்சாச்சு."

"எதை?"

"முயலை."



"யாரு துவைச்சது?"

அவள் நிமிர்ந்தாள். ஹேங்கரைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். முகத்திலிருந்த களை இன்னும் முழுதாகப் போகவில்லை.

"நான்தான்," என்றாள்.

"வேற எவனாவது துவைச்சான்னா நம்பலாம். நீ துவைச்சேன்னா நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்ல முடியும்?" மாஸ்டரின் குரல் இறங்கியிருந்தது. "மாத்துக்குத் தெச்ச மத்த ரெண்டு சட்டை?"

"ஒண்ணு குழியில கிழிஞ்சுது. இன்னொண்ணு பத்தாது. முயலா நடிக்கற பாப்பா வளந்துட்டா."

"சேறு பூசிக்கலாமா?"

"பூசலாம். ரோமம் பொசுங்கிடுச்சு மாஸ்டர்."

"திங்களை விட்டா பாப்பாக்குப் பள்ளிக்கூடம் திறந்துடும். செட்டையும் பிரிக்கறாங்க." மூச்சு விட்டார். "என்னால மறைக்க முடியாதும்மா. மேல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க."

"திங்கக்கிழமை நீ வர வேணாம். அவங்க இருக்கற கோவத்துல உன்னைப் பாக்க வேணாம்."

"அப்புறம் வரலாமா மாஸ்டர்?"

"பாக்கலாம்."

இத்தனை வருடத்தில் மாஸ்டர் பலரிடம் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அந்த வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது என்பதை மூன்று பேருமே ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, வேற முடி ஒட்டினா?"

"அந்த ரோமம் வெளியூர்லேருந்து வந்தது. வர்றதுக்குள்ள செட்டே இருக்காது."

"நான் வந்து சொல்றேன்," என்றார் அவர். "நான்தான் துவைச்சேன்னு. எதுக்கு உன் தலையில போட்டுக்கற?"

"வெளியாள் கைக்குப் போச்சுன்னு ஆயிடும். அது இதைவிடப் பெரிய தப்பு. விடுங்க."

வெளியாள் என்ற சொல் அவரை எங்கோ தொட்டது. ஹேங்கரை மேஜைமேல் வைத்தார். அவள் சீப்பை எடுத்து, ஒட்டிய ரோமத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். வராது என்று தெரியும். ஆனாலும் சீவினாள். திரிகள் சீப்போடு பிய்ந்து வந்தன. மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவித்தாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அழுக்கா இருக்கறதுதான் வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"உங்களைச் சொல்லலைங்க."

"சொல்லேன். ரெண்டு வார்த்தை திட்டேன். உன் பொண்ணுகூடத் திட்டறா, ஷாம்புக்கு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்குத் திட்டவும் வந்தது, அழவும் வந்தது. இரண்டில் எதைச் செய்தாலும் அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்பதால் சீவிக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அவர் அறைவாசல் வரை போய் நின்றார்.

"இனிமே நான் துணி துவைக்கட்டுமா, வேணாமா? அதையாவது சொல்லு."

துவையுங்கள் என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். சீப்பு சிக்கிக்கொண்டது. அதை இழுத்து எடுத்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, இடுப்பு வலிக்காதபடி மெதுவாகத் திரும்பி, வெளியே போனார்.