எல்லைக்கு அந்தப் பக்கத்து டீசல்

எங்கள் ஊர் மடுகரையிலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், என் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருகிறேன். மூன்று வருஷமாகிறது. போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். திரும்பும்போது பின்சீட்டில் படுத்துவிடுவாள், ஒரு வார்த்தை வராது. எனக்கும் பேசத் தெம்பிருக்காது. வீட்டுக்கு வந்து படுத்தால் போகிற அலுப்பில்லை இது.

வண்டி பழைய டீசல் கார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பியூனாக இருந்து ரிடையர் ஆனபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன சித்திரையில் கரும்புகை கக்க ஆரம்பித்து, வைகாசியில் ஒருநாள் திரும்பும் வழியில் நடுரோட்டில் நின்றேவிட்டது. மண்டையைப் பிளக்கிற வெயில். கரும்பு இறக்கிவிட்டு வந்த டிராக்டர்காரர் இரக்கப்பட்டு எங்களை டிப்பரில் ஏற்றிக்கொண்டார். ஊரே பார்க்க, வாந்தி எடுத்தபடி வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்.

“இத பாருய்யா. இன்னொரு தபா அந்த வண்டி வழியில நின்னுச்சுன்னா, அதோட நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். வூட்டுலயே கெடந்து போயிடறேன். ஊரு வேடிக்க பாக்க நான் இன்னா கூத்தா கட்டறேன்?”

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் ஏதோ கோபத்தில் காப்பியை விட்டவள், இன்றுவரை தொட்டதில்லை. என்ன கோபம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது, காப்பி மட்டும் திரும்பி வரவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறோம்.

எங்கள் ஊர் மெக்கானிக் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், பூசி மெழுகத் தெரியாதவன்.

“ண்ணா, ஒப்புக்கு ஒட்டுப் போட்டா ஒரு மாசம் ஓடும். நம்பி ஓட்டணும்னா இஞ்சின எறக்கிதான் ஆவணும்.”

“எறக்குப்பா. என்னமோ பண்ணு, வழியில மட்டும் நிக்கக் கூடாது.”

பட்டறை வேப்பமரத்தில் சங்கிலி மாட்டி இன்ஜினைத் தூக்கினான். பிரித்துப் போட்டால் உள்ளே ஒன்றும் உருப்படியாக இல்லை. ரிங் தேய்ந்து, சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல். லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்டான். வால்வு அரைக்கிற வேலையை நானே வாங்கிக்கொண்டேன், சும்மா உட்கார முடியாமல். வால்வில் நறநறப்பான அரைக்கும் பசையைத் தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியால் அதைப் பிடித்து, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்ட வேண்டும். அரைத்து முடித்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டுகூடக் கசியக்கூடாது. எட்டு வால்வு. மூன்று நாள் அரைத்தேன், இரண்டு கசிந்தது. எரிச்சலில் குச்சியை வீசி எறிந்தேன். அப்புறம் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். வேலை முடிய ஆன மூன்று வாரமும் ஆட்டோவில்தான் போய்வந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்த அன்று மெக்கானிக் சொன்னான்: “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அம்பதத் தாண்டாத. புது ரிங்கு செட் ஆவுற வரைக்கும் டீசலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், பாத்துக்க.” முதலில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

எங்கள் ஊர்ப் புத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் புதுச்சேரி, எல்லை தாண்டினால் தமிழ்நாடு. டீசல் எங்கள் பக்கம் மலிவு. அந்தப் பக்கம் போய் டீசல் போடுகிறவனுக்கு எங்கள் ஊரில் ஏமாளி என்று பெயர். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் வருவோம், அங்கே போடமாட்டோம். என் வண்டியில் டீசல் முள் செத்து நாளாகிறது. முள் எதற்கு? பத்து லிட்டர் போட்டால் விழுப்புரத்துக்கு நாலு நடை. அது தப்பியதே இல்லை.

பட்டறையிலிருந்து எடுத்ததும் போட்ட பத்து லிட்டரில் நாலாவது நடை ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, வழியில் இருந்த இரண்டு பங்க்கையும் தாண்டி வந்தேன். எல்லைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இன்ஜின் இரண்டு முறை திணறியது. நின்றது.

சாவியைத் திருகித் திருகிப் பார்த்தேன். கிளம்பவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இறங்கி மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

“டேய், இன்னாடா வேல பாத்துக் குடுத்த? வெளங்குவியா நீ? நின்னுபோச்சுடா!”

“ண்ணா, டீசல் கீதா?”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? கெளம்பி வாடா!”

அவன் பைக்கில் வந்தான். வரும்போதே கேனில் டீசலும் கொண்டுவந்திருந்தான். டேங்க் மூடியைத் திறந்து, காதை வைத்து, வண்டியை ஓர் ஆட்டு ஆட்டினான்.

“காஞ்சி கெடக்குதுண்ணா. ரெண்டு பங்க தாண்டித்தான வந்த?”

அவன் டீசலை ஊற்றி, குழாயின் நட்டைத் தளர்த்தி, உள்ளே ஏறிய காற்று போகிறவரை பம்பை அமுக்கினான். சாவி போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. நான் பேசினதுக்கு அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா ஆச்சு?”

“டீசல் இல்லடி. நான்தான் போடல. என் புத்திய...” அறுபது தாண்டிய வயதில், ரோட்டோரம் நின்று அழுதேன்.

“இஞ்சினு நல்லாத்தான கீது?”

தலையாட்டினேன்.

என்னையே பார்த்தாள். எனக்குக் காப்பி ஞாபகம் வந்தது.

“வண்டி மேல இன்னா தப்பு, பாவம்? அத எறக்கி வேல பாத்தாச்சு. ஒன்ன எங்கய்யா எறக்கி வேல பாக்கறது?” என்றாள். “எடு, போலாம்.” சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வியாழனுக்கு வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் பார்த்தால், புடவை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத் திரும்பும்போது விழுப்புரம் தாண்டி முதல் பங்க்கிலேயே வண்டியைத் திருப்பி, டேங்க்கை நிரப்பச் சொன்னேன். பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள், மூடியபடியே, “ஏமாளி” என்றாள்.