எழுநூறைத் தாண்டாத வண்டி

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு 'டிகிரி' என்று பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனுஷன் டிகிரி வாங்கியது, காரில் அந்தச் சூட்டு மீட்டரை மாட்டிய பிறகுதான். அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவளுக்கு ஸ்டாண்டில் பட்டம் கிட்டம் ஒன்றும் கிடைக்கவில்லை. பாதி நாள் அந்த மீட்டரைப் படித்துச் சொன்னது அவள்தான் என்பது அங்கே யாருக்குத் தெரியும்?

கார் பழைய டீசல் கார். ஒருமுறை ஒரு பெரிய குடும்பத்தையும் அவர்கள் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மிதித்த மிதியில் பிஸ்டன் உருகிப்போனது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் கடைசிவரை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நடுவிலேயே நின்றிருந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் புகையின் சூடு அதில் தெரியாது, அதற்குத் தனி மீட்டர் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது டிகிரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கார் எழுந்து நிற்கும்வரை வீடு அவள் தையலில்தான் ஓடியது. அதை அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

மீட்டரை அவரே மாட்டினார். புகைக்குழாயைக் கழற்றாமல் காரிலேயே வைத்துத் துளை போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. இரும்புத் தூள் ஒரு பொட்டு, எஞ்சினுக்குக் காற்றடிக்கும் டர்போவுக்குள் போனாலும் கதை முடிந்தது. கழற்றி வாசலில் சாக்கு விரித்து வைத்தார். அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் துளை போட்டார். சிதறிய தூளையெல்லாம், தான் குண்டூசி பொறுக்கும் காந்தத்தால் அவள் தடவித் தடவி எடுத்தாள். துளைக்குள் சூட்டை அளக்கும் சென்சார் கச்சிதமாக உட்கார்ந்தது. வயர்தான் ஒரு சாண் குறைந்தது. சாதாரண வயரை ஒட்டுப் போட்டால் சூடு தப்பாகக் காட்டும். அதனால் மீட்டர் அவர் பக்கம் வராமல், பக்கத்து இருக்கைக்கு நேராக அதைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"இனிமே நீதான் எனக்குக் கண்ணு" என்றார். அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சவாரி போகும்போது கழுத்தை எட்டி எட்டிப் பார்ப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்பதோடு சரி. "எவ்ளோ?" என்பார். அவள் சொல்வாள். எழுநூறு டிகிரியைத் தாண்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து; அதனால் எழுநூறு என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக மேலே வரும். வேறு யார் பேச்சுக்கும் அந்தக் கால் அசைந்ததில்லை.

ஒரு மத்தியானம் அவள் அண்ணன் போன் செய்தார். "அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. உடனே கிளம்பி வா." அம்மா இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். மெஷினில் பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து காரில் ஏறினாள்.

ஏற்றம் தொடங்கியது.

"எவ்ளோ?"

"அறுநூத்தி அம்பது."

அடுத்த வளைவில் மறுபடியும் கேட்டார். "எழுநூறு" என்றாள். கால் மேலே வந்தது. கார் முக்கி முனகி ஏறியது. பின்னால் வந்த பால் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. பிறகு பாரம் ஏற்றிய லாரியும் தாண்டிப் போனது.

"கொஞ்சம் மிதிங்களேன்."

"மிதிச்சா போன தடவை மாதிரி நடுவழியில படுத்துடும். அப்புறம் போய்ச் சேரவே முடியாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வளைவில் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் சூடு இறங்கக் காத்திருந்தார். அண்ணி போனில், "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்றாள். அவள் பதில் சொல்லுமுன், "எவ்ளோ இறங்கியிருக்கு?" என்றார் இவர். அவள் முள்ளைப் பார்த்து உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அண்ணிக்குப் பதில் சொன்னாள்.

போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண்களை மூடியிருந்தார்கள். "இப்பத்தாம்மா. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றாள் அண்ணி. இவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை இன்னும் ஆறவில்லை.

வெளியே அண்ணன், "வழியில வண்டி ஏதாவது தகராறா மாப்ள?" என்று கேட்பது ஜன்னல் வழியே கேட்டது.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. எழுநூறைத் தாண்ட விடாம பத்திரமா கொண்டுவந்து சேர்த்தேன்."

பத்திரமாகத்தான் வந்தது கார். அவள் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது. ஏறும்போது ஒரே ஒரு தடவை, 'ஐநூறு' என்று சொல்லியிருக்கலாம். அவர் மிதித்திருப்பார். எஞ்சின் தாங்கியும் இருக்கலாம், உருகியும் இருக்கலாம். ஆனால் கல்யாணமான நாள்முதல் அவர் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிப் பழகிய வாய், பெற்ற தாய் மூச்சுக்குத் திணறும்போதும் எழுநூறு என்றுதான் சொன்னது. அவர்மேல் வந்த கோபத்தைவிட அந்த வாயின்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. 

காரியமெல்லாம் முடிந்து கிளம்பினார்கள். அவருக்கு மறுநாள் காலையில் ஒரு சவாரி இருந்தது. இருட்டுவதற்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். அந்தப் பக்கமும் ஏற்றம்தான்.

"எவ்ளோ?"

முள் எழுநூறில் நின்றது.

"ஐநூறு" என்றாள்.

"அட, பரவால்லயே. இந்தப் பக்கம் நல்லாத்தான் இழுக்குது." காலை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு ஏறியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்களே இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடியும் கேட்டார்.

"இப்ப?"

"ஐநூறுதாங்க."

அவர் இன்னும் அழுத்தினார். அவள் குனிந்து, கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டாள். பின் இருக்கையில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.