லிசார்தோ உட்கார மாட்டான்

என் தங்கை நெலிதாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை லிசார்தோவைக் காணாமல் மூன்று முறை தேடினோம். முதலில் தேவாலயத்துக்குப் பின்னால் மணி அடிப்பவரோடு பேசிக்கொண்டிருந்தான். பிறகு தெருமுனையில் அகப்பட்டான். மூன்றாவது முறை, விருந்துக்குத் தட்டு வைத்துக்கொண்டிருக்கையில், போட்டிருந்த கோட்டோடு மைதானத்துக்கே போய்விட்டான். மறுநாள் எங்களுக்குக் கால்பந்து ஆட்டம் இருந்தது. புல்லுக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்க்கப் போனானாம்.

"விட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பாதிதான் மச்சான். இடது பக்கம் காய்ஞ்சு கெடக்கு. நாளைக்குப் பந்து அங்க எகிறும், பாத்துக்க."

நெலிதா அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். விருந்து முடியும்வரை அந்தக் கையை விடவில்லை. மேசைக்கடியில் அவன் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நானும் லிசார்தோவும் சிம்போத்தே துறைமுக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். நான் கோல்கீப்பர். எனக்கு முன்னால் நான்கு பேர் தடுப்பாட்டம்; அவர்களுக்கும் முன்னால், எல்லோருக்கும் சேர்த்து ஓடுகிறவன் அவன். ஊரில் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அப்பா நெத்திலிப் படகில் வலை இழுத்தவர். படகில் போனால் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று பதினாறு வயதில் மகன் அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டான். அவர் கடைசிவரை இதைச் சொல்லிச் சிரிப்பார். "படகுல உக்கார முடியாதாம், தொரைக்கு!"

கோல் போடத் தெரியாது. பதினைந்து வருடத்தில் ஏழு கோல்தான். ஆனால் எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் எவனோ, அவன் அன்றைக்கு லிசார்தோவைத் தவிர வேறு யாரையும் பார்க்க மாட்டான். நாங்கள் நன்றாக ஆடிய இரண்டு வருடத்தில் லிமாவிலிருந்து ஆள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் அரெக்கிபா, ஒரு வருடம் பொலிவியா, மறுபடி மலைப்பக்கம். போன இடத்திலெல்லாம் பேர் வாங்கினான். எங்கும் இரண்டு வருடம் தங்கவில்லை.

முப்பத்திரண்டாவது வயதில் ஹுலியாக்காவில் முழங்கால் போயிற்று. ஆலங்கட்டி மழை கொட்டி ஓய்ந்த மைதானம். சத்தம் அவனுக்கே கேட்டதாம். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் இறங்கியாகிவிட்டது. அதனால் மிச்சமிருந்த பதினோரு நிமிடமும் ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடினான். வைத்தியர் அப்புறம் சொன்னார், அந்தப் பதினோரு நிமிடம் ஓடாமல் இருந்திருந்தால் இன்னும் மூன்று வருடம் ஆடியிருக்கலாம் என்று.

வீட்டுக்கு வந்தவன் நான்கு மாதத்தில் நெலிதாவை ஒரு வழியாக்கிவிட்டான். அவள் மீன்மாவு ஆலையில் எடை போடும் இடத்தில் வேலை பார்த்தாள். திரும்பி வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது இடம் மாறியிருக்கும். அடுப்பு சன்னல் பக்கம் போயிருக்கும், கட்டில் கூடத்துக்கு வந்திருக்கும்.

"அண்ணே, இந்தாளுக்கு எங்கயாவது கோச் வேலை பாத்துக் குடு," என்று என்னிடம் வந்தாள். "இல்லன்னா அடுத்த வாரம் சுவரையும் நகத்திருவாரு."

அப்படித்தான் கோச் ஆனான். பன்னிரண்டு வருடம், ஒன்பது அணி. சுரங்க ஊர்கள், கரும்பு ஊர்கள், ஒருமுறை காட்டு ஆற்றோரம் படகில் மட்டுமே போகக்கூடிய ஊர். ஆட்டத்தை அவன் அளவுக்குப் படித்தவன் அந்த வட்டாரத்தில் கிடையாது. அதை அவனைத் துரத்தியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நன்றாகப் போகும் எதையும் அவனால் அப்படியே விட முடியாது. ஒரு சுரங்க ஊரில் ஒரே பதினோரு பேரை வைத்து நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தான். ஐந்தாவது ஆட்டத்துக்கு ஆறு பேரை மாற்றினான். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். கிளப் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு, "ஜெயிக்கிற டீம்ல எதுக்குய்யா கைய வச்ச?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்த டீமை எல்லாரும் பாத்துட்டாங்களே," என்றானாம் இவன்.

ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியோடு போவான், அதே பெட்டியோடு வருவான். நெலிதா கூடப் போகவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அவளுக்கு வேலை இருந்தது. வந்தால் சேர்த்துக்கொள்வாள், போனால் வழியனுப்புவாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ஏதாவது கேட்டால், "மாலுமிக்கு வாக்கப்பட்டதா நெனச்சுக்கிட்டேன்" என்பாள்.

ஒன்பதாவது அணி ஹுவாராஸ் பக்கம். அங்கே நடந்ததை இன்றும் அந்த ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவன் அணிக்கு ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். எதிரணி விங்கர் ஒருவன் எல்லைக் கோட்டை ஒட்டி, தடுக்க ஆளில்லாமல், லிசார்தோ நின்ற பக்கமாகப் பாய்ந்து வந்தான். நம் ஆள் ஆட்டம் முழுக்கச் செய்தது போல அப்போதும் கோட்டோரம் கூடவே ஓடிக்கொண்டிருந்தான். கால் தானாகப் போயிற்று. கோட்டைத் தாண்டி உள்ளே நுழைந்து, சறுக்கி, பந்தைச் சுத்தமாகப் பறித்துத் தன் ஆட்டக்காரனுக்குத் தள்ளியும் விட்டான். நாற்பத்தைந்து வயது, கோட் சட்டை, கெட்டுப்போன முழங்கால்.

நடுவர் சிவப்பு அட்டையோடு வந்ததும், "பந்தைத்தான் எடுத்தேன் சார். ஆளைத் தொடவே இல்லை. அவனையே கேளுங்க," என்றான்.

அந்த விங்கரும் நல்லவன். "ஆமா சார், தொடலை," என்றான்.

ஒரு வருடத் தடை. எந்த லீக் அணிக்கும் பயிற்சி தரக் கூடாது.

அந்த வருடத்தில்தான் டின் மீன் ஆலைப் பெண்கள் வந்தார்கள். எங்கள் ஊர் ஆலைகளுக்குள் பெண்கள் போட்டி ஒன்று நடக்கும். எந்தச் சங்கத்திலும் சேராதது, ஆகவே தடையும் பொருந்தாது. மீன் வெட்டும் மேசைப் பெண்களின் அணிக்குக் கோச் இல்லை என்று நெலிதாதான் கேள்விப்பட்டு அவனைத் தள்ளிவிட்டாள். ஆலைக்குப் பின்னால் கடலோர மண் மைதானம். கூழைக்கடாக்கள் கோல் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

லிசார்தோ விசிலை ஊதி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னான். இரண்டாவது சுற்றில் ஒருத்தி மைதானத்தின் நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பேர் சொராய்தா ஹுவமஞ்சுமோ. இருபத்தொன்பது வயது, குள்ளம், இடது காலில் ஆடுகிறவள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா இது?"

"வாத்தியாரே, காலைல அஞ்சு மணியிலருந்து வெட்டு மேசைல நின்னுட்டு வர்றோம். ஓடறதுக்குக் கால் இல்ல. ஓடாம எப்படி ஜெயிக்கிறதுன்னு தெரிஞ்சா சொல்லிக் குடுங்க. தெரியாதுன்னா அதையும் சொல்லிருங்க, வீட்டுக்குப் போறோம்."

அவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவன் வாழ்க்கையில் தெரிந்துவைத்திருந்ததே ஓட்டம் ஒன்றுதான். விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். "நாளைக்குச் சொல்றேன்," என்றான்.

அன்று சாயங்காலம் என் வீட்டு மேசையில் பதினோரு அவரை விதைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் அவர்களைப் பத்தடி இடைவெளியில் நிறுத்தி, பந்தை மட்டும் ஓடவிட்டான். பெண்கள் நின்ற இடத்தில் நின்று தட்டினார்கள். வெட்டு மேசையில் ஒருத்தி தலையை நறுக்கித் தள்ளினால் அடுத்தவள் குடலை எடுத்துத் தள்ளுவாளே, அந்த வேகம் பந்தில் வந்தது. ஒரு மாதத்தில் எந்த ஆலையாலும் அவர்களிடமிருந்து பந்தைப் பறிக்க முடியவில்லை.

ஆனால் அவன் கோட்டோரம் ஓடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் சொராய்தா நேராகவே சொல்லிவிட்டாள். "வாத்தியாரே, நீங்க அங்கயும் இங்கயும் அலையறதைப் பாத்தா எனக்குப் பந்து எங்க இருக்குன்னே மறந்துபோவுது. கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது, சொராய்தா."

"அப்ப திரும்பி நில்லுங்க. கடலைப் பாருங்க."

அரையிறுதியும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் புனித பேதுரு திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. அதற்கு முந்தின திங்களன்று அவன் தடை முடிந்தது. புதன்கிழமை தொலைபேசி வந்தது: மலை மேல், இரண்டாம் பிரிவு அணி, கடைசி இடம், வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

நான் கத்தினேன். "மாப்ள, நாலு நாள் பொறுக்க மாட்டியா? ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு ஏறு."

"நாலு நாள்ல அவங்க வேற ஆளை எடுத்துருவாங்க மச்சான். நெஜமான லீக். இனிமே என்னை எவன் கூப்புடுவான்?"

நெலிதா சண்டை போடவில்லை. பரணிலிருந்து பெட்டியை அவளே இறக்கிக் கொடுத்தாள். "போயிட்டு வா. திரும்பி வந்தா இதே தெருவுலதான் நடக்கணும். அந்தப் பொண்ணுங்களும் இதே தெருவுலதான் வேலைக்குப் போறாங்க. அது மட்டும் ஞாபகம் வச்சுக்க."

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான். அந்தப் பெண்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் அவனை இறக்கிவிட்டு வந்து நான்தான் சொன்னேன். சொராய்தா கையிலிருந்த கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சரி. பெஞ்சுல ஒரு ஆள் உக்காரணும்னு விதி இருக்கு. நீங்க உக்காருவீங்களா?"

உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து என் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மலை மேல் தன் புது அணியை ஓடவிட்டுவிட்டு, மைதான மூலையில் நின்று அவன் கூப்பிடுகிறான். எத்தனை கோல், யார் இடது பக்கம், பந்து யார் காலில் என்று கேட்டான். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. "சொராய்தாகிட்ட குடு மச்சான், ஒரு நிமிஷம்," என்று கெஞ்சினான். கொடுத்தேன்.

அவள் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாருக்கீங்களா வாத்தியாரே? அங்க ரொம்பக் குளிருதா? கம்பளி எடுத்துட்டுப் போனீங்களா? சரி, வச்சிடறேன்." தொலைபேசியை அணைத்து என் மடியில் போட்டாள்.

பெனால்டியில் தோற்றோம். மூன்றாவது உதை சொராய்தாவுடையது. கம்பத்தில் பட்டுப் போயிற்று. அவள் அழவில்லை, மற்றவர்கள் அழுதார்கள். தொலைபேசியில் அவனிடம் நான்தான் சொன்னேன். "அவ எப்பவும் வலது மூலைக்கு அடிப்பா. அந்தக் கோல்கீப்பருக்கு அது தெரியும். இடதுல அடிக்கச் சொல்லணும்னு நெனச்சிருந்தேன்," என்றான்.

"அதச் சொல்ல நீ இங்க இருந்திருக்கணும்," என்றேன்.

மலையில் ஐந்து மாதம் இருந்தான். கடைசியில் கிடந்த அணியை ஆறாவது இடத்துக்குக் கொண்டுவந்தான். டிசம்பரில் ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தாளோடு வந்தார்களாம். அதுவரை யாரும் அவனிடம் அப்படி வந்ததில்லை. இவன் கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறிவிட்டான். ஏன் என்று கேட்டால், "அங்க தூக்கம் வரலை" என்பான். அவன் எந்த ஊரில்தான் தூங்கினான்?

வந்து எட்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒன்பதாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடலோர மைதானத்துக்குப் போனான். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சொராய்தா நடுவில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தி பேராகச் சொல்லி நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் விட்டுப்போன இடத்திலிருந்து வெகுதூரம் போயிருந்தார்கள். பந்து ஓடும்போது கூடவே இரண்டு பேர் மட்டும் இடம் மாறினார்கள், மற்றவர்கள் அசையவில்லை. அவன் கூர்ந்து பார்த்தான். இதை அவன் சொல்லித் தரவில்லை.

முடிந்ததும் அவள் எங்களிடம் வந்தாள். சிரிக்கவில்லை.

"சொல்லாமப் போனேன். தப்புதான்," என்றான்.

"ஆமா."

"பந்து தூக்க ஆள் வேணும்னா நான் வர்றேன். சும்மா வர்றேன்."

"பந்து தூக்க எங்களுக்குக் கை இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "எதிராளி டீம் ஆட்டத்தைப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்ல ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை நாங்க ஆடறப்ப வேற மைதானத்துல இருக்கணும். எங்க ஆட்டத்துக்கு வரக்கூடாது. முடியுமா?"

அவன் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "முடியும்," என்றான்.

அந்த வருடம் ஒவ்வொரு ஞாயிறும் வேறு இரண்டு ஆலைகள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு ஊர் முழுக்க நடந்து வருவான். கிறுக்கலான கையெழுத்து, சொராய்தாவால் மட்டுமே படிக்க முடியும். கோப்பை அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஜெயித்த ஆட்டத்தை அவன் பார்க்கவில்லை. இரண்டாவது வருடம் உள்ளே விட்டாள், கோலுக்குப் பின்னால், என் பக்கத்தில். இப்போது அந்த அணி மாவட்ட லீக்கில் ஆடுகிறது. அவள் கோச். அவன் உதவிக் கோச் என்று தாளில் இருக்கிறது. அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். வாத்தியார் என்று இப்போது பெண்கள் கூப்பிடுவது அவளைத்தான்.

அவன் திரும்பி வந்து நான்கு வருடம் ஆகிறது. இடையில் இரண்டு முறை மலையிலிருந்து தொலைபேசி வந்தது, போகவில்லை. ஆனால் போன மாதம் ரொட்டி வாங்கப் போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தான் என்று நெலிதா சொன்னாள். எங்கே போனாய் என்று கேட்டாளாம்.

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"எதுக்கு?"

"சும்மாதான். நேரமெல்லாம் மாத்திட்டாங்க நெலிதா. ஹுவாராஸுக்கு இப்ப ஆறரைக்கே ஒண்ணு கிளம்புது."

அவள் ரொட்டியை வாங்கித் தொட்டுப் பார்த்தாளாம். ஆறிப்போயிருந்தது.